ஏழு பொசிஷன்கள்: ட்ரொம்போன் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மகனுக்குப் 12 வயது. பாடசாலை பாண்ட் குழுவில் ட்ரொம்போன் கொடுத்திருக்கிறார்கள். ஸ்லைட்டைக் கடைசிவரை நீட்டக் கை எட்டவில்லை என்கிறான். வேறு வாத்தியத்துக்கு மாற்றலாமா? – ஒரு தாய், ஹட்டன்

மாற்ற வேண்டாம். ஸ்லைட் என்னும் இழுகுழாயை நிறுத்தும் ஏழு இடங்களே பொசிஷன்கள்: முழுவதும் உள்ளே இருப்பது முதலாவது, கடைசிவரை நீட்டியது ஏழாவது. முதலாம் பொசிஷனிலிருந்து ஏழாம் பொசிஷனுக்கு ஏறக்குறைய 56 சென்ரிமீற்றர். முதல் இரண்டுக்கும் இடையில் சுமார் 8 சென்ரிமீற்றர்தான் இருக்கும். பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போய், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் 11 சென்ரிமீற்றரை நெருங்கும். ஆகவே ஆறும் ஏழும் எட்டாத பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. ஆரம்பப் பாடங்களில் பெரும்பாலானவை முதல் நான்கு பொசிஷன்களுக்குள் அடங்கிவிடும்.

தோளை முன்னே தள்ளியோ தலையைத் திருப்பியோ எட்டிப் பிடிக்க மட்டும் விடாதீர்கள். உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸ் இடம் நகர்ந்துவிடும். அந்தப் பழக்கம் பிறகு போவது கடினம். வளர்ந்த பிறகு பெருவிரலால் அழுத்தும் எஃப் வால்வு உள்ள வாத்தியம் கிடைத்தால், ஆறாம் பொசிஷனில் வரும் கீழ் சி ஸ்வரத்தை முதலாம் பொசிஷனிலேயே எடுக்கலாம். ஆனால் அது பாரம் கூடியது, 12 வயது இடது கைக்கு அவசரமில்லை.

கேள்வி: தேவாலயத்தில் காலை ஆராதனைக்குக் கீபோர்டுடன் வாசிக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் ட்ரொம்போன் சுருதி இறங்கியே நிற்கிறது. உயரமான இடம் என்பதாலா? – ஒரு வாசகர், நுவரெலியா

உயரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, குளிர்தான் காரணம். குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய 3 சென்ட். 100 சென்ட் சேர்ந்தால் அரை ஸ்வரம். 10 பாகை குறைந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். கீபோர்டு அசையாது, அதனால்தான் பேதம் இவ்வளவு துலக்கமாகக் கேட்கிறது.

வாசிப்பதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் சத்தமில்லாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் ஊதுங்கள். பாட்டுக்கு நடுவில் ஓய்வு வரும்போதும் அப்படியே செய்யுங்கள். சுருதி சேர்க்கும் வளைகுழாயான டியூனிங் ஸ்லைட்டை வழக்கமாக ஒரு சென்ரிமீற்றர் அளவு வெளியே இழுத்து வைத்துப் பழகினால், குளிர்நாளில் உள்ளே தள்ள இடம் இருக்கும். முதலாம் பொசிஷனில் கை ஏற்கெனவே முழுவதும் உள்ளே இருப்பதால், சுருதியை உயர்த்தக் கையால் வேறு வழியில்லை. குளிரில் தண்ணீரும் சீக்கிரம் சேரும். கொதிப்பதுபோல் சத்தம் வரும்வரை காத்திராமல் வாட்டர் கீயைத் திறந்து வெளியேற்றுங்கள்.

கேள்வி: பழைய ட்ரொம்போன் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? ஸ்லைட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? – ஒரு மாணவர், பண்டாரவளை

எண்ணெய்க் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும் என்பது மலையகத்துச் சமையலறை எல்லாவற்றுக்கும் தெரியும். ஸ்லைட்டுக்குள்ளும் அதுதான் நடக்கும். ஸ்லைட் கிரீமை உள்குழாயின் நுனியில் சற்றுத் தடித்த பகுதியில் மெல்லியதாகத் தடவி, தண்ணீர் தெளித்தால் போதும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். கொதிநீர் பட்டால் மேற்பூச்சு உரியும்.

வாங்கும்போது விரிந்த வாய்ப்பகுதியான பெல்லில் உள்ள நெளிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஸ்லைட்டில் உள்ள சிறு நெளிவுக்குப் பயப்படுங்கள். பூட்டைத் திறந்து நிமிர்த்திப் பிடித்தால் வெளிஸ்லைட் தன் பாரத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். தரையில் மோதாமல் கையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் வழியில் எங்கே தடைப்படுகிறதோ அங்கே வளைவு அல்லது நெளிவு. பிறகு பெல்லைக் கழற்றி, ஸ்லைட்டின் ஒரு வாயைக் கையால் அடைத்து மறு வாயில் ஊதுங்கள். வாட்டர் கீ வழியே காற்று கசிந்தால் அதன் தக்கையை மாற்றுவது சிறு வேலைதான். உள்குழாயின் முலாம் தேய்ந்திருந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: 17 வயதில்தான் தொடங்கினேன். இசையையே பட்டமாகப் படித்து, பல்கலைக்கழகத்தில் ட்ரொம்போன் கற்பிக்க ஆசை. பிந்திவிட்டேனா? எந்த வழியில் போவது? – ஒரு மாணவி, தலவாக்கலை

உலகெங்கும் தனி வாசிப்பாளராக அறியப்பட்ட சுவீடன் கலைஞர் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் ட்ரொம்போனைக் கையில் எடுத்ததும் 17 வயதில்தான். ஆனால் கைவிடாமல் வாசிப்பது மட்டும் போதாது. சில விஷயங்களை இப்போதே சரிசெய்ய வேண்டும்.

முதலாவது கிளெஃப், அதாவது இசைத்தாளின் கோடுகளில் எந்த ஸ்வரம் எங்கே என்று காட்டும் குறி. பாண்ட் இசைத்தாள் பல இடங்களில் ட்ரெபிள் கிளெஃபில், பி ஃபிளாட்டுக்கு மாற்றி எழுதப்பட்டிருக்கும். ஓர்கெஸ்ட்ராவில் அப்படியில்லை, பேஸ், டெனர், ஆல்டோ என மூன்று கிளெஃபும் எழுதியபடியே ஒலிக்கும். பாண்டில் நன்றாக வாசித்தவர்கள் நேர்முகத் தேர்வில் தடுமாறும் இடம் இதுதான். தினமும் 10 நிமிடம் பேஸ் கிளெஃப் படியுங்கள். ஆறு மாதம் கழித்து டெனரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நாக்கு. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குக் கோர்த்து வாசிக்கும்போது நாக்கே படாவிட்டால் ஸ்லைட்டின் இழுவல் கேட்கும். தனித்த ஸ்வரத்துக்குத் 'தாய்' என்பதில் வரும் அழுத்தமான 'த'. கோர்த்து வாசிக்கப் 'பாதை' என்பதில் வரும் மெல்லிய 'த'. தமிழ் பேசும் நாக்குக்கு இந்த வித்தியாசம் ஏற்கெனவே தெரியும். ஒரே மூச்சை நிறுத்தாமல் ஊதி, அந்த மெல்லிய 'த' படும் கணத்தில் ஸ்லைட் நகர வேண்டும்.

பரீட்சைகளில், உயர்தரத்தில் மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடமாக உண்டு. கொழும்பிலுள்ள கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்துக்கு உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையும் வேண்டும். அந்த ஆண்டின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலைப் பார்த்து விண்ணப்பியுங்கள். இதற்குச் சமாந்தரமாக ஏபிஆர்எஸ்எம் அல்லது டிரினிட்டி என்னும் பிரித்தானிய அமைப்புகளின் தரப் பரீட்சைகளை எழுதலாம். ஏபிஆர்எஸ்எம்மில் 6ஆம் தரத்துக்குப் போகுமுன் 5ஆம் தரத் தியரி அல்லது அதற்கு ஈடான ஒன்று தேவை. தியரியைத் தள்ளிப்போட்டு ஓராண்டை இழப்பவர்கள் அதிகம்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் முதலில் காணொளி கேட்பார்கள். வெட்டி ஒட்டாத ஒரே பதிவு, பியானோ துணையுடன். ஃபெர்டினான்ட் டேவிட் 1837இல் ட்ரொம்போனுக்கு எழுதிய கொன்சர்ட்டினோ (ஓர்கெஸ்ட்ராவுடன் தனி வாசிப்பாளர் வாசிக்கும் சிறு படைப்பு) பல இடங்களில் கேட்கப்படும். ஓர்கெஸ்ட்ராப் பகுதிகளில் மொஸார்ட்டின் ரெக்வியத்தில் வரும் தனி வாசிப்பும் ராவலின் பொலேரோவும் வழக்கமானவை.

பயிற்சியை ஒரேயடியாக இரண்டு மணிநேரம் இழுக்காமல் 25 நிமிடப் பகுதிகளாக்குங்கள். இடையில் அதே அளவு உதட்டுக்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே மேடையிலும் வாசிக்க முடியுமா? – ஒரு வாசகர், பதுளை

முடியும், பல இடங்களில் அது வேலையின் ஒரு பகுதியே. பலருடைய வாரம் இப்படித்தான் ஓடுகிறது: ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மணிநேரத் தனிவகுப்பு, எல்லாரும் கூடி ஒருவரையொருவர் கேட்கும் வகுப்பு, ட்ரொம்போன் குழு, பெரும்பாலும் தியரி அல்லது செவிப்பயிற்சிப் பாடம் ஒன்று. அரங்கேற்றங்களும் ஒலிப்பதிவுகளும் ஆய்வுப் பணிக்கு ஈடாக எண்ணப்படும்.

நியமனத்துக்கு முதுமாணிப் பட்டமோ இசைக் கலாநிதிப் பட்டமோ கேட்பார்கள். ஆனால் தேர்வு நாளில் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: ஒரு கச்சேரி, அறிமுகமில்லாத மாணவருக்குத் தேர்வுக் குழுவின் முன்னால் எடுக்கும் ஒரு பாடம். நன்றாக வாசிப்பவர் பலர் இரண்டாவதில் தோற்கிறார்கள். "இன்னும் மூச்சு கொடு" என்பதை நான்கு முறை சொல்லிவிட்டு நிற்பார்கள். மூச்சு எங்கே தடைப்படுகிறது, உயர்ந்த தோளிலா, இறுகிய தொண்டையிலா, மவுத்பீஸை அழுத்திப் பிடித்த கையிலா என்று பார்த்து, ஒன்றை மட்டும் திருத்தி, உடனே மாற்றத்தைக் காதில் கேட்கவைப்பவருக்கே இடம் கிடைக்கும். அதனால் உங்கள் பாண்ட் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வாரம் அரை மணிநேரம் சொல்லிக் கொடுக்க இப்போதே தொடங்குங்கள்.