கிளிட்டர்பால்: வெள்ளிக் குண்டை உருட்டியது யார்?

அன்புள்ள ஐயா,

பழைய படங்களின் தந்திரக் காட்சிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் லண்டன் புறநகரில் வளர்ந்தவன். சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சியில் பார்த்த ‘தி கிளிட்டர்பால்’ படத்தைப் போன வாரம் என் பத்து வயது மகளுக்குப் போட்டுக் காட்டினேன். விண்கலம் உடைந்து இங்கே மாட்டிக்கொள்ளும் வெள்ளிக் குண்டு, அதைக் காப்பாற்றும் இரண்டு பையன்கள், அதை வைத்துத் திருடப் பார்க்கும் ஃபில்த்தி பாட்டர் எல்லாமே எனக்கு அப்படியே நினைவில் இருந்தன. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லை, கண் எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்: “அப்பா, அந்தக் குண்டை யார் உருட்டுறாங்க?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காந்தமா, நூலா? இன்னொன்று, ‘இ.டி.’ இதைப் பார்த்து எடுத்ததுதான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், உண்மையா? விடுமுறையில் மகளோடு கைப்பேசியில் இப்படி ஒரு சிறு படம் எடுத்துப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்,

உங்கள் மகள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அந்தப் படத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கிளிட்டர்பால் 1977-இல் வந்தது. ஹார்லி கோக்லிஸ் இயக்கம், 56 நிமிடம். தயாரித்தது சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேஷன். பிரிட்டனின் சனிக்கிழமைக் காலைக் குழந்தைகள் காட்சிகளுக்குப் படம் எடுப்பதற்கென்றே 1951-இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. பணம் ‘ஈடி லெவி’யிலிருந்து வந்தது. திரையரங்கில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு பகுதியைப் பிரித்து பிரிட்டிஷ் படத் தயாரிப்புக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. அதில் ஒரு துளி குழந்தைகள் படத்துக்குப் போனது. கார்ட்டூன், தொடர்கதை எல்லாவற்றோடும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்ததால் படங்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன. 1985-இல் அந்த வரி ஒழிக்கப்பட்டதும் அந்த வகைப் படங்களும் நின்றுபோயின. குழந்தைகளுக்கு இவ்வளவு உண்மையாக உழைத்த ஓர் ஏற்பாட்டை அப்படி விட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

குறைந்த பணத்தில் வேற்றுக்கிரக உயிரைக் காட்டவேண்டும் என்றால் பலரும் ஒரு நடிகருக்கு ரப்பர் முகமூடி மாட்டிவிடுவார்கள். மலிவான ரப்பர் முதல் நெருக்கக் காட்சியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் படத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பளபளக்கும் குண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். கண் இல்லை, வாய் இல்லை, கை கால் இல்லை. பசி மட்டும் இருக்கிறது. முகம் இல்லாத ஒன்றுக்குப் பார்க்கிற குழந்தையே முகம் வைத்துக்கொள்கிறது. அது எப்போது நிற்கிறது, எவ்வளவு நேரம் தயங்குகிறது, எந்த வேகத்தில் கிளம்புகிறது என்பதை வைத்தே அதன் மனநிலையை நாம் படித்துவிடுகிறோம். செலவைச் சுருக்க எடுத்த முடிவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. படத்தின் மிகச் சிறந்த முடிவு இதுதான்.

குண்டு தானாக இயங்கும் காட்சிகளில் பெரும் வேலை ஸ்டாப் மோஷனுடையது. பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிழற்படம் எடுத்து, அந்தப் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் முறை அது. செய்தவர்களில் ஒருவர் பாரி லீத். ‘தி வாம்பிள்ஸ்’ பொம்மைத் தொடரில் பணியாற்றியவர். பொம்மையின் கை காலை அசைத்துப் பழகிய ஒருவர் கை காலே இல்லாத ஒன்றை நடிக்கவைத்திருக்கிறார் என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வழவழப்பான வெள்ளிக் குண்டில் ஒரு பெரிய வசதி உண்டு. அதைச் சுழற்றவே வேண்டாம், நகர்த்தினால் போதும். பரப்பில் கோடோ புள்ளியோ இல்லாததால் அது உருள்கிறதா வழுக்குகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. இதே குண்டில் ஒரு பொட்டு வைத்தால் வேலை பல மடங்காகிவிடும். 4 செ.மீ. விட்டமுள்ள குண்டின் சுற்றளவு சுமார் 12.6 செ.மீ. அதை 2 செ.மீ. நகர்த்தும்போதெல்லாம் கிட்டத்தட்ட 57 டிகிரி சுழற்றியாக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பனிக்கட்டியில் வழுக்குவதுபோலத் தெரியும். அதனால்தான் கைரேகை விழுந்துவிட்டால் ஆபத்து. ரேகை ஒரு பொட்டாகி, சுழலாமல் அப்படியே நகர்ந்து உங்களைக் காட்டிக்கொடுக்கும். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள்.

வசதிக்கு ஈடாக ஒரு தொல்லையும் உண்டு. பளபளப்பான குண்டு ஒரு குவி ஆடி. கிட்டத்தட்ட அறை முழுவதும் அதற்குள் தெரியும். அதன் நட்டநடுவில் கேமரா உட்கார்ந்திருக்கும், எங்கே நகர்த்தினாலும் அது போகாது. பக்கத்தில் நிற்கும் உங்கள் உருவம் ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் இடம் மாறுவதால், ஓடவிட்டுப் பார்த்தால் குண்டின் பரப்பு கொதிப்பதுபோல் துடிக்கும். தீர்வுகள் உண்டு. கேமராவைத் தள்ளிவைத்து ஜூம் லென்ஸில் எடுத்தால் அதன் பிம்பம் சிறுத்துவிடும். கேமராவுக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போடலாம். குண்டைச் சுற்றி மூன்று பக்கமும் வெள்ளை வேட்டியோ சார்ட் பேப்பரோ கட்டி, வெளியிலிருந்து விளக்கடித்தால் அறையும் மறையும், குண்டுக்கு அழகான மென்மையான ஒளியும் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குப் போய் நின்றுகொண்டு ரிமோட்டில் எடுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்து, குண்டு நிற்காது. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் மேசைகூடக் கொஞ்சம் சரிந்துதான் இருக்கும். அடியில் மிளகளவு ப்ளூ டாக் (சுவரில் தாள் ஒட்டப் பயன்படும், பிசையக்கூடிய பசை) வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் பிதுங்கித் தெரியும்.

இப்போது நடிப்பு. கைப்பேசிக்கு நொடிக்கு 12 படம் போதும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 1, 2, 4, 7, 11, 16 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் கூட்டுங்கள். நிற்கும்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். எல்லா நகர்வும் ஒரே அளவாக இருந்தால் யாரோ நூல் கட்டி இழுக்கும் சாமானாகத் தெரியும், உயிர் வராது. பாய்வதற்கு முன் 3 மி.மீ. பின்னால் போகவிட்டு, நாலைந்து படம் நிறுத்தி, பிறகு முன்னால் விடுங்கள். அந்தப் பின்வாங்கலில்தான் “இது யோசிக்கிறது” என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வரும். பயந்திருக்கிறது என்றால் ஒரு மில்லிமீட்டர் இடதும் வலதுமாக மாற்றி மாற்றி ஆறு படம். வேகமாக ஓடும்போது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி குண்டின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓடுவதாகத் தெரியாது, விட்டுவிட்டுத் தோன்றுவதாகத்தான் தெரியும்.

சாப்பிடும் காட்சி பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தட்டில் பொரியோ மிக்சரோ வைத்து, ஒவ்வொரு இரண்டு படத்துக்கும் குண்டுக்குப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று துணுக்கை எடுத்துவிடவேண்டும். குவியலின் அடியிலிருந்து எடுக்காதீர்கள், மேலே உள்ளவை சரிந்துவிடும். அப்படிச் சரிந்தால் எடுத்தவரை பயன்படாது. ஐஸ்கிரீம், வெண்ணெய் பக்கம் போகவேண்டாம். விளக்குச் சூட்டில் நாலு படத்துக்குள் உருவம் மாறிவிடும்.

காந்தமும் நூலும் வேறு இடத்தில் உதவும். பையனின் கையும் குண்டும் ஒரே காட்சியில் வரவேண்டும் என்றால் ஸ்டாப் மோஷன் கஷ்டம், ஏனென்றால் கை அத்தனை நேரம் அசையாமல் இருக்காது. அங்கே 3 மி.மீ. ஒட்டுப்பலகைக்கு அடியில் காந்தத்தை நகர்த்தி மேலே இரும்புக் குண்டை உருட்டலாம். காந்தத்தை வேகமாக நகர்த்தினால் குண்டு பின்தங்கி, பிறகு திடீரென்று தாவும். மெதுவாகத்தான் போகவேண்டும். குண்டு சரிவில் மேலேறவேண்டும் என்றால் பலகையையும் கேமராவையும் ஒன்றாகக் கட்டிச் சாய்த்துவிடுங்கள். படத்தில் மேலேறுவதாகத் தெரியும், உண்மையில் இறங்கிக்கொண்டிருக்கும். பின்னணியில் தொங்கும் திரையோ தண்ணீர் டம்ளரோ இருக்கக் கூடாது, அவை உண்மையைச் சொல்லிவிடும். குண்டு தரையிலிருந்து கைக்குத் தாவுவதற்கு, கையிலிருந்து விழவிட்டு எடுத்துத் திருப்பி ஓட்டினால் போதும். தங்கூசி நரம்பு கட்டினால் விளக்கைப் பக்கவாட்டில் வைக்காதீர்கள், நரம்பு மின்னும்.

கைப்பேசியில் பெரும்பாலும் கெடுவது ஒளிதான். ஒவ்வொரு படத்துக்கும் அது தானாக வெளிச்சத்தைத் திருத்தும், படம் மினுக்கி மினுக்கி ஓடும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் மாறாதபடி பூட்டிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள், ஒரு மேகம் கடந்தால் போதும். திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கில் எடுங்கள். உங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கும் அதற்கேற்பத் துடிக்கும், ஆகவே ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். ட்ரைபாட் கால்களையும் மேசைக் கால்களையும் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். மகளின் முழங்கை ஒருமுறை இடித்தால் அதுவரை எடுத்தது வீண்.

‘இ.டி.’ விஷயம். அது 1982-இல் வந்தது. விண்ணிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட ஒன்றைப் பெரியவர்களுக்குத் தெரியாமல் பிள்ளைகள் ஒளித்துவைப்பது இரண்டிலும் உண்டு. அதை வைத்து ஒன்று மற்றதிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்வது நியாயமில்லை. பிள்ளைகள் ஒளித்துவைக்கும் விருந்தாளி என்பது எல்லா நாட்டுக் கதைகளிலும் இருக்கிற பழைய அமைப்பு.

படத்தில் குறை இல்லையா என்றால் உண்டு. ஃபில்த்தி பாட்டராக வரும் ரான் பெம்பர் நல்ல நடிகர், ஆனால் துரத்தல்களை இரண்டு நிமிடம் குறைத்திருக்கலாம். பெரியவர்கள் பேசும் இடங்களில் வேகம் தளர்கிறது. குண்டு திரையில் இருக்கும்வரை இவை எதுவும் உறுத்துவதில்லை.

பிடித்திருந்தால் இதே அமைப்பு 1972-இல் எடுத்த ‘தி பாய் ஹூ டர்ன்ட் யெல்லோ’வையும் அவளுக்குக் காட்டுங்கள். மைக்கேல் பவலும் எமரிக் பிரெஸ்பர்கரும் சேர்ந்து செய்த கடைசிப் படம், 55 நிமிடம். சுரங்க ரயிலில் போகும் ஒரு பையன் மஞ்சளாக மாறிவிடுகிறான், மின்சாரத்தின் வழியே பயணம் செய்யும் ஒருவர் அவனைத் தேடி வருகிறார். மாபெரும் வண்ணப் படங்களை எடுத்த இருவர், ஒரே ஒரு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தைகளுக்காக விளையாடியிருக்கிறார்கள்.

உங்கள் முதல் முயற்சிக்குப் பத்து நொடி போதும், 120 படம். குண்டு வருகிறது, நிற்கிறது, பிஸ்கட்டைப் பார்க்கிறது, தின்கிறது, போகிறது. சத்தத்தைக் கடைசியில் சேருங்கள். மகளே வாயால் முனகிப் பதிவு செய்யட்டும். அந்த முனகலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும், குண்டின் குரலாக அதுவே போதும்.

அன்புடன்.