பாலைவனக் காடை: முதுகு மட்டும்தான் படத்தில் விழுகிறதா?

கேள்வி: வேலைக்காக அரிசோனாவில் இருக்கிறேன். டூசான் பக்கம் காம்பெல் காடைகளை (Gambel's quail) படமெடுக்கப் பார்க்கிறேன். 100-400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக நெருங்கினாலும் ஓடிவிடுகின்றன. கிடைப்பதெல்லாம் முதுகுதான். பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், இந்த லென்ஸே போதும். நெருங்குவதைத்தான் நிறுத்த வேண்டும். காம்பெல் காடை ஆபத்து என்றால் முதலில் ஓடும், வேறு வழியில்லாதபோதுதான் பறக்கும். நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அது உங்களைப் பார்த்திருக்கும். துரத்துகிறவருக்கு அது முதுகைத்தான் காட்டும்.

அதனால் அது வரும் வழியில் போய் உட்காருங்கள். காலையிலும் பிற்பகல் சாய்ந்த பிறகும் மேயும், நடுப்பகலில் புதர் நிழலில் ஒதுங்கும், இரவில் மரத்திலோ அடர்ந்த புதரிலோ அடையும். அடையும் இடத்துக்கும் மேயும் இடத்துக்கும் தண்ணீருக்கும் இடையே, பெரும்பாலும் மறைவை விட்டு விலகாமல், மெஸ்கீட் புதரோரமாகவோ வறண்ட ஓடைப் படுகையிலோ நடக்கும். ஒரு காலையை வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். எந்த இடைவெளியில் கூட்டம் வெளியே வருகிறது, மணலில் கால்தடம் எங்கே அதிகம் என்று கவனியுங்கள். அடுத்த முறை வெயில் உங்கள் முதுகில் படும்படி, அந்த வழிக்குப் பக்கவாட்டில், முன்கூட்டியே போய்த் தரையில் அமருங்கள். உட்காருமுன் பாம்பும், சோயா (cholla) என்ற கள்ளியின் முள்ளும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அசையக் கூடாது. சேவல் ஒன்று மேடான இடத்தில் ஏறிக் காவல் பார்ப்பதுண்டு. அது அமைதியானால் மற்றவையும் வரும். பறவை சுமார் 25 செ.மீ. நீளம். முழுச்சட்ட (full-frame) கேமராவில் 400 மி.மீ. வைத்தால், 10 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டில் நிற்கும் காடை படத்தின் அகலத்தில் கால் பங்குக்கு மேல் நிரப்பும். அந்தத் தூரத்துக்கு அதுவாக வர வேண்டும். சாலையோரக் கூட்டத்துக்கு, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்த கார் நல்ல மறைவு.

கேமராவைத் தரையோடு தாழ்த்துங்கள். நின்றபடி எடுத்தால் கொண்டையும் கறுப்பு முகமும் மணலோடு கலந்துவிடும். கண் மட்டத்தில் எடுத்தால் பின்னணி மங்கி, சேவலின் செம்பழுப்பு உச்சந்தலை தனியாக எழும். ஷட்டர் வேகம் நடக்கும் பறவைக்கு 1/1000 வினாடி, ஓடினால் 1/2000. வெளிறிய மணல் கேமராவின் ஒளி மீட்டரை ஏமாற்றும், படம் இருண்டு கறுப்பு முகத்தில் கண் காணாமல் போகும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டி, கேமராவில் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். தரை சூடேறி கானல் அலையத் தொடங்கினால், எந்த லென்ஸிலும் கூர்மை வராது. கிளம்பிவிடுங்கள்.

எனக்குப் பிடித்த காலம் வசந்தம். குளிர்காலக் கூட்டம் கலைந்து ஜோடி சேரும் நேரம் அது. சேவல் புதர் உச்சியிலோ வேலிக் கம்பத்திலோ நின்று திரும்பத் திரும்பக் கூவும். அதே கம்பத்துக்கு மறுபடியும் வர வாய்ப்பு உண்டு. அக்டோபர் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரை வேட்டைக் காலம் என்பதால், அப்போது வேட்டை இல்லாத சாகுவாரோ தேசியப் பூங்கா போன்ற இடங்களுக்குப் போங்கள். மனிதர்களுக்குப் பழகிய பறவை வேண்டுமென்றால் டூசானின் ஸ்வீட்வாட்டர் ஈரநிலம் நல்லது.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதென்று சேவல் அலையும். தேசியப் பூங்காவில் வனவிலங்குக்குத் தீனி போடுவதும் அதைத் தொந்தரவு செய்வதும் சட்டப்படி தவறு. கோடையில் நீர்நிலைக்கு ஒட்டி உட்கார வேண்டாம், தாகத்தோடு வந்த கூட்டம் உங்களால் திரும்பிப் போகக் கூடாது. பறக்கும் படத்துக்கும் ஆசைப்படாதீர்கள். பெரும்பாலும் மிரட்டினால்தான் அது கிடைக்கும்.

குஞ்சுகளோடு வந்தால் இன்னும் தள்ளியே இருங்கள். பொரித்த அன்றே பெற்றோர் பின்னால் ஓடத் தொடங்கும் குஞ்சுகள் அவை, சிதறினால் பருந்துக்கு எளிதில் இரையாகும். பெற்றோர் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால், படம் வந்ததோ இல்லையோ, மெதுவாகப் பின்வாங்கிவிடுங்கள்.