மச்சுப் பலகையைப் பெயர்க்கலாமா?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறேன். மச்சில் அயனிப் பலகைத் தரை. சில இடம் கறையான் அரித்திருக்கிறது, சில இடம் மழைநீர் இறங்கி இற்றுவிட்டது. சரிசெய்ய ஆசாரி 3.8 லட்சம் கேட்கிறார். இன்னொருவர், பலகையைப் பெயர்த்து கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டலாம், பழைய மரத்தை அவரே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். என்னிடம் டெபாசிட் 3 லட்சம் இருக்கிறது. 14% வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? வீடு தாத்தா பேரில்தான். நானும் இரண்டு அண்ணன்மாரும் வாரிசுகள். – ஓர் ஆசிரியை

பதில்: மரத்தைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. முற்றிய பழைய அயனிக்கு நல்ல விலை உண்டு. அதுவும் அவருக்குப் போகிற கூலிதான். கான்கிரீட்டின் பாரத்தை அந்தப் பழைய சுவர் தாங்குமா என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம். என் மனசு பலகையைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

ஆனால் தனிநபர் கடன் வேண்டாம். 3.8 லட்சத்தையும் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 8,850 ரூபாய் தவணை. வட்டி மட்டும் 1.5 லட்சம் போய்விடும். வேலையைப் பிரித்துச் செய்யுங்கள். முதலில் ஓடு மாற்றி ஒழுக்கை நிறுத்துவது, கறையானுக்கு மருந்தடிப்பது, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர நுனிகளைத் தட்டிப் பார்த்து மாற்றுவது. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டும் பெய்கிற ஊர் நம்முடையது. கூரை ஒழுகும்போது பலகைக்குப் போடுகிற காசு தண்ணீரில்தான் போகும். இந்தப் பகுதிக்கு மட்டும் ஆசாரியிடம் தனி மதிப்பீடு கேளுங்கள். 1.2 லட்சத்துக்குள் முடியுமென்றால் டெபாசிட்டை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்குங்கள். வட்டி பெரும்பாலும் டெபாசிட் வட்டியைவிட 1, 2 சதவீதம்தான் கூடுதல். மாதம் 8,800 கட்டினால் ஏறக்குறைய 15 மாதத்தில் கடன் அடைந்துவிடும். அப்புறம் இற்ற பலகைகளை மட்டும் மாற்றுங்கள். உரசி பாலிஷ் போடுவது அழகுக்கு. அது கடைசியில் இருக்கட்டும்.

வீட்டை வைத்துச் சீரமைப்புக் கடன் வாங்கினால் வட்டி இன்னும் குறையலாம். வருமான வரியில் பழைய முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வட்டியில் வருடம் 30,000 ரூபாய் வரை கழிவும் உண்டு. அதற்கு வீடு உங்கள் பேரில் இருக்க வேண்டும். நம் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முந்தைய மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். வங்கி தமிழ் மொழிபெயர்ப்பு கேட்கலாம்.

கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் அண்ணன்மாரோடு உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினையோ, அவர்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்துவிடுங்கள். அவர்கள் இப்போது சம்மதமில்லை என்றால், ஒழுக்கை மட்டும் அடைத்துவிட்டு மற்றதை நிறுத்தி வையுங்கள்.