வேர் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அம்மப்பாவின் தகப்பன் முள்ளியவளை ஆள். அதே பரம்பரையைக் கனடாவில் ஒருவர் தேடுகிறாராம். முன்பின் தெரியாதவருக்கு என்னவென்று எழுதுவது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: முதல் தடவை ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் கேளுங்கள். முழு வம்சாவளியையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளினால், 'பிறகு பார்ப்பம்' என்று விட்டுவிடுவார்கள். நம்மிடம் குடும்பப்பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான் தலைமுறைக்குத் தலைமுறை முன்னால் வருகிறது. 'முள்ளியவளை கந்தையா' என்றால் பத்துப் பேர் நிற்பார்கள். 'சின்னத்தம்பி மகன் கந்தையா, பெண்சாதி வள்ளிப்பிள்ளை, அவ வேலுப்பிள்ளையின் மகள், பிறப்பு 1905க்கும் 1915க்கும் இடையில்' என்று எழுதினால் ஆள் தெளிவு. பெண்சாதியின் தகப்பன் பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே பெயர்க்காரர் இருவரைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அதுதான். குறிச்சி, காணிப் பெயர், வீட்டுப்பெயர் தெரிந்தால் சேருங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தேடுவார்கள். சின்னத்தம்பி 'எஸ்'ஸிலும் வரும், 'சி'யிலும் வரும், இரண்டையும் எழுதிவிடுங்கள். எது பத்திரத்தில் கண்டது, எது அம்மா சொன்னது என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறார் என்றால் நேரில் காணலாம். ஆனால் அந்தச் சனத்துக்குள் கொப்பி விரிக்க முடியாது, மறுநாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இடப்பெயர்வில் ஒரு கடதாசியும் மிஞ்சவில்லை. மற்றத் தேடுவோருக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?
– வாசகர், தருமபுரம்

பதில்: பிரதேச செயலகத்தில் உங்கள் பெற்றோரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்குப் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். அதில் தாய் தகப்பன் பெயரோடு அவர்கள் பிறந்த இடமும் இருக்கும். பாட்டன் இலங்கையில் பிறந்தவரென்றால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடத்துக்கும் ஒரு கூடு உண்டு. தகவல் கொடுத்தவர் யார் என்ற கூட்டையும் பாருங்கள். பெரியப்பாவோ மாமாவோ அங்கே ஒளிந்திருப்பார். பலர் தடுக்கி விழும் இடம் மாவட்டப் பெயர்: முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும்தான் தனி மாவட்டங்களாயின. அதற்கு முந்திய கிளிநொச்சிப் பதிவை யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு கட்டாயமானது 1897இல். அதற்கு முன் பிறந்தவருக்குப் பதிவே இல்லாமல் போகலாம்.

அடுத்தது ஒருவர் செத்து 31ஆம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு, அதாவது அவரின் நினைவுப் புத்தகம். உங்களிடம் இல்லாதது ஒரு சொந்தக்காரரின் அலுமாரியில் கிடக்கும். 'நூலகம்' என்ற இணையத்தளத்திலும் நிறையக் கல்வெட்டுகளை ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் வம்சாவளிப் பக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். சிறுவயதில் செத்த பிள்ளைகளும் முதல் தாரமும் அதில் விடுபடுவது வழக்கம்.

குடியேற்றக் காணி என்றால் பெர்மிட்டும் உதவும். அடுத்து யாருக்கு என்று நியமித்தவரின் பெயரும் உறவும் அதில் உண்டு. மலையகத்திலிருந்து 1977க்குப் பின் வந்த குடும்பமென்றால், தோட்டத்தின் பெயர், டிவிசன், தெரிந்தால் தமிழ்நாட்டு ஊர் மூன்றையும் எழுதி வையுங்கள். வன்னி ஊர்ப்பெயரை மட்டும் வைத்து உங்கள் ஆட்கள் உங்களைக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கேள்வி: கணினியில் உள்ள எங்கள் குடும்ப மரத்தைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: கெட்கொம் (GEDCOM) என்பது குடும்ப மரத்துக்கான பொதுக் கோப்பு வடிவம். அப்படி எடுத்தால் அநேகமான குடும்ப மர மென்பொருள்களில் திறக்கும். எடுக்கும்போது உயிரோடிருப்பவர்களை நீக்கும் தெரிவை அழுத்துங்கள். ஃபமிலிசேர்ச் இணையத்தளத்தில் உள்ளது போன்ற பொது மரத்தில் இறந்தவர்களின் விபரத்தை யாரும் மாற்றலாம். மூலப் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: டிஎன்ஏ பரிசோதனையில் லண்டன்காரர் ஒருவர் எனக்கு இரண்டாம் வழி மச்சான் ('செகண்ட் கசின்') என்று வந்திருக்கிறது. பூட்டன் வரை பார்த்தும் பொருந்தவில்லையே?
– வாசகர், வவுனியா

பதில்: மாமன் மகளைக் கட்டும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்தால், தூரத்து உறவு இரண்டு மூன்று வழியாகச் சேர்ந்து கிட்டத்து உறவுபோல் காட்டும். பொதுவான டிஎன்ஏயின் மொத்த அளவை விட்டுவிட்டு, இருவருக்கும் பொதுவான ஆக நீளமான டிஎன்ஏ துண்டு எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் பெரிதாகவும் துண்டுகள் எல்லாம் குட்டி குட்டியாகவும் இருந்தால், பூட்டனுக்கும் இரண்டு மூன்று தலைமுறை மேலே தேடுங்கள். அவரிடம் அவருடைய நாலு பாட்டன் பாட்டிமாரின் ஊரையும் கேளுங்கள். பெயர் பிறகு பார்க்கலாம்.