இணையம் வந்த புதிதில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல்களை எப்படி அனுப்பினார்கள்? எஃப்டிபி இன்னும் உயிரோடு இருக்கிறதா?

எஃப்டிபி (ஃபைல்களை அனுப்பவும் எடுக்கவும் கணினிகள் பின்பற்றும் நெறிமுறை, ஃபைல் டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால்) என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு இரண்டு கணினியுமே இணையத்தில் இருந்தாக வேண்டும். 90களின் நடுவில் என் வீட்டுக் கணினி இணையத்திலேயே இல்லை என்பதுதான் சிக்கல். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. என்னைப் போன்ற மாணவர்கள் வாங்கியது ஷெல் கணக்கு. மோடம் (கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் கருவி) வழியாக டயல் செய்து விஎஸ்என்எல்லில் இருக்கும் யூனிக்ஸ் கணினிக்குள் நுழைவோம், கருப்புத் திரையில் வெறும் எழுத்து வரும், இணையத்தில் இருப்பது அந்தக் கணினிதான், நம்முடையது அதற்கு ஒரு திரையும் விசைப்பலகையும் மட்டுமே.

அதனால் எந்த ஃபைலும் வீட்டுக்கு இரண்டு தவணையில்தான் வந்து சேரும். முதல் தவணை எஃப்டிபி. அமெரிக்காவிலோ ஃபின்லாந்திலோ இருக்கும் சர்வரில் 'அனானிமஸ்' என்ற பெயரில் நுழைந்து, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் மரியாதைக்கு நம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து (யாரும் சரிபார்த்ததாகத் தெரியவில்லை), 'பின்' என்று தட்டி, 'ஹேஷ்' என்று தட்டி, அப்புறம்தான் 'கெட்', அதாவது ஃபைலை எடு. ஹேஷ் போட்டால் ஒவ்வொரு துண்டு வந்து சேரும்போதும் திரையில் ஒரு # விழும். வேலை நடக்கிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அதுதான்.

'பின்' என்பது பைனரி. அதைப் போடாமல் எழுத்து முறையில் எடுத்தால், வரி முடிவைக் குறிக்கும் பைட்டுகளை எஃப்டிபி அந்தந்தக் கணினியின் வழக்கப்படி மாற்றிவிடும். கட்டுரைக்கு நல்லது, ஜிப் ஃபைலுக்கு எமன். இது ஏன் இப்படி என்றால், 1971 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் (ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்தவர்) இந்த நெறிமுறையின் முதல் வரைவை எழுதியபோது, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஒன்றில் ஒரு 'வேர்டு'க்கு (கணினி ஒரே மூச்சில் கையாளும் துண்டு) 36 பிட், இன்னொன்றில் 32, எழுத்துகளைக் குறிக்கும் எண்களும் வேறு வேறு. 'இது எழுத்தா, வெறும் பிட்டுகளா' என்று மனிதரிடமே கேட்டுவிடுவதுதான் அப்போது நியாயமான வழி.

சரி, ஃபைல் இப்போது ஷெல் கணினிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து தொலைபேசி வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவது இரண்டாவது தவணை, அதற்கு இசட்மோடம் என்ற நெறிமுறை. இதன் மூதாதை எக்ஸ்மோடம், 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது. 128 பைட் அனுப்பும், 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை காத்திருக்கும், பிறகு அடுத்த 128. தூரம் கூடக் கூட இந்தக் காத்திருப்பே பாதி நேரத்தைத் தின்றுவிடும். 1986இல் சக் ஃபோர்ஸ்பர்க் செய்த இசட்மோடம் நிற்காமல் அனுப்பிக்கொண்டே போகும், பிழை வந்தால் மட்டும் திரும்பிப் பார்க்கும். அதைவிடப் பெரிய வரம், லைன் கட்டானால் விட்ட இடத்திலிருந்து தொடரும். 9600 பிபிஎஸ் (நொடிக்கு 9600 பிட்) மோடத்தில் ஒரு எம்பி வர எப்படியும் 18 நிமிடம் ஆகும், அதற்குள் வீட்டில் யாராவது பக்கத்து அறையில் ரிசீவரை எடுத்து "ஹலோ" என்றால் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள் ஓடும். எக்ஸ்மோடம் என்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

எஃப்டிபியே கிடைக்காமல் மின்னஞ்சல் மட்டும் வைத்திருந்தவர்கள் நிலைமை இன்னும் மோசம், ஆனால் அவர்களுக்கும் வழி இருந்தது. எஃப்டிபிமெயில் சர்வருக்குக் கட்டளைகளைக் கடிதமாக எழுதினால் அது ஃபைலை எடுத்து, மின்னஞ்சலில் போகும்படி வெறும் எழுத்துகளாக்கி (இதற்கு யுயுஎன்கோட் என்று பெயர்), துண்டு துண்டாக அனுப்பிவைக்கும். மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றுவதுதான் யுயுஎன்கோடின் வேலை, அதனால் ஃபைல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும். பெரும்பாலான வரிகள் 'எம்' என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும், ஏனென்றால் அது 'இந்த வரியில் 45 பைட்' என்பதற்கான குறி. துண்டுகள் வரிசை மாறி வரும், நடுவில் ஒன்று வராமலே போகும்.

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆர்ச்சி என்ற தேடுபொறி இருந்தது. 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜும் நண்பர்களும் செய்தது. ஃபைலின் பெயரைத்தான் தேடும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. லினக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பும் 1991 செப்டம்பரில் ஒரு ஃபின்லாந்து எஃப்டிபி சர்வரில்தான் வெளியானது. அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 'ஃபிரீக்ஸ்' என்று பெயர் வைக்க நினைத்திருந்தார், சர்வரைப் பார்த்துக்கொண்ட ஆரி லெம்கே அந்த டைரக்டரிக்கு 'லினக்ஸ்' என்று போட்டுவிட்டார், அதுவே நிலைத்தது. நல்லவேளை.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இல் எஃப்டிபியைக் கைவிட்டன, கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும் நெறிமுறைக்கு அது நியாயம்தான். இன்று வலைத்தளம் நடத்துபவர்கள் பலர் ஃபைல்ஸில்லா போன்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளில் பயன்படுத்துவது எஸ்எஃப்டிபி. பெயர் ஒத்திருந்தாலும் அது எஸ்எஸ்எச் (எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் இணைப்பு) மேல் ஓடும் வேறொரு நெறிமுறை, பழையதன் புதுப் பதிப்பு இல்லை. பழைய எஃப்டிபி சில அலுவலக ஸ்கேனர்களிலும் கண்காணிப்பு கேமராக்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.