நுளம்பு மலையேறுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கொட்டகலை): வெப்பம் கூடக் கூட டெங்கு நுளம்பு தன்னை மாற்றிக்கொண்டு மலைக்கு ஏறி வரும் என்கிறார்களே, ஐயா?

பதில்: ஏறி வருவதும் மாறுவதும் வெவ்வேறு விடயங்கள். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் அல்பொபிக்டஸ் என்னும் நுளம்பு மரப்பொந்து, மூங்கில் கணு, எறிந்த டயர் எதிலும் வளரக்கூடியது. மலையகத்துக்கு அது புதிய விருந்தாளி அல்ல. இதுவரை தடையாக நின்றது பெரும்பாலும் வைரஸின் மந்தமே. நோயாளியின் இரத்தத்தோடு உள்ளே சென்ற வைரஸ் பெருகி, நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பின்னரே அடுத்தவருக்குத் தொற்றும். 30 பாகை செல்சியஸ் அளவில் அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். 20 பாகையை நெருங்கும்போது பல வாரங்கள் எடுப்பதால், அதற்குள் பெரும்பாலான நுளம்புகள் இறந்துவிடும். ஆகவே இரண்டு பாகை உயர்ந்தால், நுளம்பின் உடலில் எந்த மாற்றமும் நிகழாமலே ஆபத்து கூடிவிடும்.

பரம்பரை மாற்றத்துக்கும் சான்று உண்டு. வட அமெரிக்காவில் குடுவைத் தாவரத்தின் நீரில் வளரும், நோய் பரப்பாத ஒரு நுளம்பு, பகல் குறுகுவதை அறிந்து குளிர்கால உறக்கத்துக்குச் செல்கிறது. 1972க்கும் 1996க்கும் இடையில் அந்த உறக்கத்தின் தொடக்கம் பிந்தியதையும், அம்மாற்றம் மரபுவழியானது என்பதையும் ஆய்வாளர்கள் காட்டினர். குளிர்காலமே இல்லாத நம் நாட்டுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் ஒரு நுளம்பினம் எவ்வளவு விரைவாக மாறக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

கேள்வி (நுவரெலியா): இங்கு சராசரி வெப்பநிலை 16 பாகை. டெங்கு கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களோடு வருகிறதே தவிர, காலநிலைக்கு இதில் என்ன பங்கு?

பதில்: பாதி சரி. உங்கள் நகரில் காணும் பல நோயாளிகள் வெளியே தொற்றிக்கொண்டு வந்தவர்களாக இருக்கலாம். ஆனால் 16 பாகை என்பது திறந்த வெளியில் வைத்த வெப்பமானியின் ஆண்டுச் சராசரி. வீட்டுக்குள் புகும் நுளம்பு தங்குவதோ தகரக் கூரையின் கீழ், அடுப்பெரியும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) அறையில்.

கேள்வி (தலவாக்கலை): நுவரெலியா நண்பர் சொல்வதே சரி. லயத்துக் குளிரில் படுத்துப் பார்த்தால் தெரியும்.

பதில்: இரவைச் சொல்கிறீர்கள்; ஈடிஸ் கடிப்பது பகலில். வெயில் ஏறிய தகரத்தின் கீழ் நண்பகலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த நோயாளியை உள்ளூர் நுளம்பு கடித்த பிறகு என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அது தங்கும் இடத்தின் சூடுதான். நீங்கள் இருவரும் பயணத்தையும் வெப்பத்தையும் எதிரெதிராக நிறுத்துகிறீர்கள். பயணம் வைரஸைக் கொண்டு வருகிறது, வெப்பம் அதைத் தங்கவைக்கிறது.

கேள்வி (பதுளை): சூடு மிகுந்தால் நுளம்பு செத்துவிடாதா?

பதில்: 35 பாகையைத் தாண்டினால் அதன் ஆயுள் குறுகும். பதுளையில் அதை நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி (மஸ்கெலியா): மழை குறைந்தால் நுளம்பும் குறையும் அல்லவா?

பதில்: நம் நாட்டில் 1934-35இல் பருவமழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபோது மலேரியா நுளம்பு பெருகி ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். டெங்குக்கும் வறட்சி சாதகமாகலாம். பீலித் தண்ணீர் வற்றியதும் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பீப்பாய் நிரம்பி நிற்கும். அதை வெறுமனே கவிழ்த்துவிட்டு மீண்டும் நிரப்பாதீர்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரித்தூள் ஒட்டியதுபோல் தெரிபவை முட்டைகள்; காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உட்சுவரைத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி (ஹட்டன்): எலிக்காய்ச்சலும் நுளம்பால் வருமா?

பதில்: இல்லை. அது எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் வருவது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): புகை விசிறினால் போதாதா?

பதில்: இதையே பலர் கேட்டுவிட்டீர்கள். புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும். முட்டையையும் குடம்பியையும் தொடாது. இலங்கையில் 1963இல் மலேரியா நோயாளிகள் 17 பேராகக் குறைந்திருந்தனர். வீடுகளில் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தளர்த்தியதும் நோய் மீண்டு வந்தது, சில ஆண்டுகளில் அந்த மருந்துக்கு மசியாத நுளம்புகளும் தலையெடுத்தன. நுளம்பு தன்னை மாற்றிக்கொள்ளுமா என்று முதலில் கேட்டவரும் இதைக் கவனிக்கட்டும். பீப்பாயைத் தேய்த்துவிட்டீர்களா?