பில்லில் பிரம்பு, சுங்கத்தில் அலுமினியம்: இறக்குமதி ஃபர்னிச்சர் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: மொட்டை மாடியில் சிறிய காபிக் கடை ஒன்று தொடங்குகிறேன். சீனாவிலிருந்து சோபா, நாற்காலி, டீப்பாய் அடங்கிய 'ரத்தான் (பிரம்பு) கார்டன் செட்' வாங்கியிருக்கிறேன். பிரம்பு ஃபர்னிச்சருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான் என்று படித்தேன். கிளியரிங் ஏஜென்ட் 18 சதவீதம் கணக்குப் போட்டிருக்கிறார். விற்றவரின் பில்லில் ரத்தான் என்றே இருக்கிறது. ஏஜென்ட் தவறு செய்கிறாரா? (கோவை வாசகர்)

பதில்: அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் பின்னல் முடியும் இடத்தில் ஒரு நாரைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே பளபளவென்று அலுமினியக் குழாயோ, பெயின்ட் அடித்த இரும்புக் குழாயோ தெரியும். மேலே சுற்றியிருப்பது பாலிஎத்திலீன் பட்டை, அதாவது பிளாஸ்டிக். மழையிலும் வெயிலிலும் கிடக்க வேண்டிய ஃபர்னிச்சர் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கடைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ரத்தான். சுங்கத் துறை அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கிறது.

உலகச் சுங்க அமைப்பு உருவாக்கி 1988 முதல் நடைமுறையில் இருக்கும், பொருள்களை எண்களால் வகைப்படுத்தும் எச்.எஸ். முறையில் ஃபர்னிச்சர் 94-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. பொருளுக்குத் தரும் கோடின் (வகை எண்ணின்) முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் இந்தியா இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்கியிருக்கிறது. சீனப் பில்லில் பத்து இலக்கக் கோடு இருந்தால் முதல் ஆறைத் தாண்டி நமக்குப் பயனில்லை. அந்த ஆறும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது.

முதலில் கேட்க வேண்டியது, இது உட்காரும் பொருளா என்பது. ஆமென்றால் 9401. கட்டில், மேசை, அலமாரி போன்றவை 9403. மெத்தை, தலையணை, குஷன் 9404. 9401-க்குள் போன பிறகு அடுத்த கேள்வி, சட்டகம் எதனால் ஆனது? மூங்கில் இருக்கைக்கு 9401.52, உண்மையான பிரம்புக்கு 9401.53. உலோகச் சட்டகத்தின் மேல் மெத்தை வைத்ததென்றால் 9401.71, மெத்தை இல்லாததென்றால் 9401.79. குஷன் சட்டகத்தில் தைக்கப்படாமல் தனியாக எடுத்து வைக்கும்படி இருந்தாலும், அந்த இருக்கைக்கென்றே அளவெடுத்து அதோடு சேர்ந்து வந்திருந்தால் அது மெத்தை வைத்த இருக்கைதான். அதே குஷனை அடுத்த மாதம் மாற்று உறையோடு தனியாக வரவழைத்தால் 9404-க்குப் போய்விடும். ஆகவே உங்கள் சோபா 9401.71. வெறும் நாற்காலிகள் 9401.79. உலோகக் கால் வைத்த டீப்பாய் 9403.20. தனித்தனி அட்டைப்பெட்டியில் வந்த சரக்கை பில்லில் 'செட்' என்று எழுதியதற்காக ஒரே கோடில் அடக்க முடியாது.

5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மூங்கில், பிரம்பு ஃபர்னிச்சருக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த அறிவிப்பின் வாசகத்தில் 'முழுவதும்' என்ற சொல் இருக்கிறது. முழுவதும் மூங்கிலாலோ பிரம்பாலோ செய்ததற்குத்தான் சலுகை. பிளாஸ்டிக் பட்டை சுற்றிய அலுமினியம் அதன் பக்கத்தில்கூட வராது.

இந்த வித்தியாசம் சின்னதல்ல. இறக்குமதியில் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கு விதிக்கும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) சரக்கின் விலைமேல் மட்டும் கணக்கிடப்படுவதில்லை. கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ், சுங்க வரி எல்லாம் சேர்ந்த தொகைமேல் கணக்கிடப்படுகிறது. அந்தத் தொகை 5 லட்சம் ரூபாய் என்றால் 5 சதவீதத்தில் 25,000, 18 சதவீதத்தில் 90,000. சாதாரண வியாபாரியாக இருந்தால் கட்டியதை உள்ளீட்டு வரவாக எடுத்து, விற்பனையில் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் நடத்தப்போவது உணவகம். உணவகத்துக்கான 5 சதவீத வரியில் உள்ளீட்டு வரவு கிடையாது, 90,000-மும் உங்கள் முதலீட்டில் ஏறிவிடும். இதை இப்போதே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிப்படைச் சுங்க வரியையும் சொல்லிவிடுகிறேன். 2020 பட்ஜெட்டில் 20-லிருந்து 25 சதவீதமான ஃபர்னிச்சர் வரி, 2025 பட்ஜெட்டில் மறுபடி 20-க்கு வந்தது, கூடவே வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்ற கூடுதல் வரியும் வந்து ஒட்டிக்கொண்டது. 20 என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: இத்தாலியிலிருந்து மாடுலர் கிச்சன் வரவழைக்கிறோம். எல்லாம் பிரித்த பலகைகளாகத்தான் வருகின்றன. 'மரப் பலகை என்று போட்டால் வரி குறையும், சுவரில் மாட்டுவது ஃபர்னிச்சரே ஆகாது' என்கிறார் உறவினர் ஒருவர். கூடவே குவார்ட்ஸ் மேடை, சிங்க், அடுப்பு, சிம்னியும் வருகின்றன. (சென்னை வாசகி)

பதில்: உறவினர் சொன்னதில் ஒரு விதியின் பாதி இருக்கிறது. தரையில் வைப்பதற்கென்று செய்ததுதான் 9401 முதல் 9403 வரையிலான தலைப்புகளில் வரும் என்று அத்தியாயக் குறிப்பு சொல்வது உண்மை. அதே குறிப்பின் அடுத்த வரி அவருக்குத் தெரியவில்லை. அலமாரி, புத்தக அடுக்கு, தட்டுகள் உள்ள ஃபர்னிச்சர், ஒன்றோடொன்று பொருத்தும் யூனிட் ஃபர்னிச்சர், இருக்கை, கட்டில் ஆகியவை சுவரில் மாட்டினாலும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஃபர்னிச்சர்தான். உங்கள் மேல் அலமாரிகள் இதற்குள் வருகின்றன. மரத்தால் ஆன சமையலறை ஃபர்னிச்சருக்கென்றே 9403.40 என்ற கோடு இருக்கிறது.

பலகையாகப் பிரித்து வருவதாலும் எதுவும் மாறாது. வகைப்பாட்டின் பொது விதி 2(அ), பூட்டாமல் வந்த பொருளைப் பூட்டிய பொருளாகவே பார்க்கச் சொல்கிறது. ஒரே சரக்கில் பக்கவாட்டுப் பலகை, கதவு, தட்டு, ஸ்க்ரூ பை, பூட்டும் முறை அச்சிட்ட தாள் எல்லாம் இருந்தால் அது கிச்சன் கேபினட்தான். கதவுகள் மட்டும் பிறகு வந்தால் ஃபர்னிச்சரின் மரப் பாகம், 9403.91. இந்தக் கோடு 2022-இல்தான் பிறந்தது. பழைய 9403.90 இன்னும் சில வெளிநாட்டுப் பில்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கண்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

ஃபர்னிச்சர் என்று தெரிந்தே 'மரப் பலகை' என்று அறிவிப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். 2011 முதல் இறக்குமதியாளரே வரியை மதிப்பிட்டு அறிவிக்கிறார், பொறுப்பும் அவருடையதே. சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவின்படி தவறாக அறிவித்த சரக்கைப் பறிமுதல் செய்யலாம். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் 114ஏ பிரிவில் வரிக்கு நிகரான அபராதம். அதைத் தீர்ப்பதற்குள் கன்டெய்னருக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். யோசனை சொன்ன உறவினர் அதில் பங்கு தரமாட்டார்.

மற்றவை ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு. குவார்ட்ஸ் மேடை என்பது கல்தூளைப் பிசினோடு அழுத்திய பலகை. அளவாக வெட்டியிருந்தாலும், வேறு பாகத்தோடு இணைக்காமல் தனியாக வந்தால் அதை ஃபர்னிச்சரின் பாகமாக எடுத்துக்கொள்வதில்லை, கல் பொருள்களுக்கான 68-ஆம் அத்தியாயம்தான். சலவைக்கல்லுக்கும் கண்ணாடிப் பலகைக்கும் இதே நியாயம், கண்ணாடியென்றால் 70-ஆம் அத்தியாயம். ஸ்டீல் சிங்க் 7324, கேஸ் அடுப்பு 7321, மின்சார இண்டக்ஷன் 8516, சிம்னி 8414. ஆகவே பில்லில் 'கிச்சன் 1 செட்' என்று ஒரே வரியில் மொத்த விலை போட வேண்டாம் என்று இப்போதே இத்தாலிக்கு எழுதுங்கள். ஒவ்வொன்றின் விலையும் தனி வரியில் வேண்டும். விலை பிரிக்காத பில்லோடு வந்தவர்கள் துறைமுகத்தில் படும் அவதியை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் சுங்க முகவராக இருந்த காலத்தில் ஒரு சரக்கை நாங்கள் காப்பாற்றியது தயாரிப்பாளரின் கேட்டலாக்கில் இருந்த ஒரே பக்கத்தால்: எந்தப் பெட்டியில் எந்தப் பாகம் என்று அதில் வரைபடமாக இருந்தது. அப்படி ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அழகு நிலையத்துக்கு ஆறு நாற்காலிகள். 'சலூன் சேர்' என்பதால் 9402 என்கிறார் விற்பவர். சரியா? (மதுரை வாசகி)

பதில்: நாற்காலி என்ன அசைவு செய்யும் என்பதைப் பொறுத்தது. 9402-இல் வரும் முடிதிருத்தும் நாற்காலி சுழல வேண்டும், பின்னால் சாய வேண்டும், உயர்ந்து தாழ வேண்டும். மூன்றும் வேண்டும். சுழன்று உயர்ந்தாலும் சாயாது என்றால் அது வெறும் இருக்கை, 9401. வாடிக்கையாளர் காத்திருக்கப் போடும் சோபாவும் 9401-தான், அழகு நிலையத்துக்கு வந்ததால் அது மாறாது. மூன்று அசைவும் தெரியும்படி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: குழந்தைகள் கடைக்குச் சின்ன மேசை நாற்காலியும், பொம்மை வீட்டுச் சாமான்களும் ஒரே பெட்டியில் வருகின்றன. நிற்கும் ஆளுயரக் கண்ணாடி ஒன்றும் உண்டு. (திருப்பூர் வாசகர்)

பதில்: குழந்தை உட்கார முடிந்தால் ஃபர்னிச்சர். பொம்மை உட்காருவதென்றால் 9503, விளையாட்டுப் பொருள். பொம்மைகளுக்கு அடிப்படைச் சுங்க வரியை 2020-இல் 60 சதவீதமாகவும் 2023-இல் 70 ஆகவும் ஏற்றினார்கள். இரண்டையும் கலந்து அறிவித்தால் சிக்கல் பெரிதாகும், பேக்கிங் லிஸ்டிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுயரக் கண்ணாடி தரையில் நின்றாலும் ஃபர்னிச்சர் ஆகாது. அதை அத்தியாயக் குறிப்பே பெயர் சொல்லி விலக்கி 7009-க்கு அனுப்புகிறது. கண்ணாடி பதித்த டிரெஸ்ஸிங் டேபிள் என்றால் 9403.

கேள்வி: மலேசியாவிலிருந்து சொந்த வீட்டுக்கு ஒரு தேக்கு அலமாரியைக் கப்பலில் அனுப்புகிறார் தம்பி. சொந்த உபயோகப் பொருள் என்று 9804-இல் போடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: முடியாது. 9804 தபாலிலும் விமானத்திலும் வரும் சொந்த உபயோகப் பொருளுக்கு மட்டும். கப்பலில் வந்தால் அலமாரி 9403-தான். படுக்கையறைக்கு என்று செய்ததென்றால் 9403.50, பொதுவான மர ஃபர்னிச்சர் என்றால் 9403.60. ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) ஒப்பந்தப்படி வரிச் சலுகை கேட்க, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும், மலேசியாவில் வழங்கிய மூலச் சான்றிதழ் வேண்டும். 2020 செப்டம்பரில் வந்த விதிகளுக்குப் பிறகு, அது உண்மையாகவே அங்கே செய்யப்பட்டது என்பதற்கான விவரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: கொடைக்கானலில் விருந்தினர் இல்லம் வைத்திருக்கிறேன். இந்தோனேசியாவிலிருந்து முழுக்க அசல் பிரம்பு நாற்காலிகள் எடுத்தேன். ஏஜென்ட் பழைய சரக்கின் கோடையே போட்டு, உலோக நாற்காலியாக 18 சதவீதம் கட்டவைத்துவிட்டார். சரக்கு வெளியே வந்து ஐந்து வாரமாகிறது. பணம் திரும்புமா?

பதில்: திரும்பும், ஆனால் நேராக ரீஃபண்ட் மனு போட்டால் தள்ளுபடியாகும். சுயமதிப்பீடும் ஒரு மதிப்பீட்டு உத்தரவுதான், அதை மாற்றாமல் ரீஃபண்ட் கேட்க முடியாது என்று ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே முதலில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதி அறிவிப்பு, மாற வேண்டும்.

அதற்கான வழிகளில் இரண்டைச் சொல்கிறேன். சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவில் திருத்தம் கேட்பது ஒன்று. சரக்கு வெளியேறும் முன்பே இருந்த ஆவணங்களை மட்டும் ஆதாரமாக வைக்கலாம் என்பதால், பிரம்பு என்று குறித்த அசல் பில், பேக்கிங் லிஸ்ட், மூலச் சான்றிதழ் மூன்றையும் தேடி எடுங்கள். பின்னால் வாங்கிய கடிதம் இங்கே உதவாது. இரண்டாவது வழி, 128-ஆம் பிரிவில் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடுவது. அதற்கு 60 நாள். போதிய காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் தாமதத்தை அவர் ஏற்கலாம். அதற்கு மேல் அவருக்கே அதிகாரமில்லை.

வரிச் சுமையை வேறு யாருக்கும் ஏற்றவில்லை என்றும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொகை நுகர்வோர் நல நிதிக்குப் போய்விடும். நாற்காலிகளை விற்காமல் உங்கள் இல்லத்தில் போட்டிருப்பதால் பட்டயக் கணக்காளரிடம் ஒரு சான்று வாங்கி இணையுங்கள். இந்த 18 சதவீதத்தை ஏற்கெனவே உள்ளீட்டு வரவாக எடுத்திருந்தால் மறுபடி கேட்க இடமில்லை, அதை இன்றே சரிபாருங்கள்.

ஐந்து வாரம் போய்விட்டது, மூன்று வாரத்துக்குச் சற்று மேல் கையில் இருக்கிறது. 149 மனுவை இந்த வாரமே கொடுங்கள். அதற்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்காமல் மேல்முறையீட்டையும் 60 நாளுக்குள் தாக்கல் செய்து, இரண்டின் ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.